பல்லில் அடைத்த வெள்ளி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல் இல்லாதவர்களை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பல் வலித்தால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவார்கள். டாக்டரையா குறட்டால் பிடுங்கிவிடுவார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு மறுநாள் மலைக்கு ஏறிவிடுவார்கள். முப்பது வயதில் முன்பல் நாலு போனவர்கள்கூட வாய் நிறையச் சிரித்தார்கள். பெரிய கங்காணிக்கு மட்டும் ஒரு தங்கப்பல் இருந்தது, அதற்குத் தனி மரியாதை. ஓட்டையும் இல்லாமல் தங்கமும் இல்லாமல் வேறொன்றை வாயில் வைத்திருந்தது நான் ஒருத்திதான்.

இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அப்போது முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ இருக்கும். தலவாக்கலைக்கு மேலே உள்ள தோட்டம். அப்பாவும் அம்மாவும் ஒரு வருஷ இடைவெளியில் போய்விட்டார்கள். தம்பி கல்யாணம் முடித்து, நோர்வூட் பக்கம் பெண் வீட்டார் இருந்த தோட்டத்திலேயே வேலைக்குப் பெயர் பதிந்துகொண்டான். லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் நான் தனியாக இருந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், பிள்ளைகளின் பெயரை எழுதத் தெரியும் என்பதால் என்னைப் பிள்ளைக் காம்பராவில் போட்டிருந்தார்கள். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார், கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். இருபது பிள்ளைகளுக்குக் குறையாது. பத்து மணிக்குப் பால் கொடுக்க வருவார்கள், மத்தியானம் வருவார்கள், சாயந்தரம் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரைக்கும் நான் வாயைத் திறக்க வேண்டிய வேலை இருக்காது.

பெரியவர்களோடு பேச எனக்கு வராது. கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகளிடம் அந்தக் கஷ்டம் இல்லை. நாள் முழுக்கப் பேசுவேன். பாடுவேன் என்றுகூடச் சொல்லலாம், கேட்டவர்கள் இல்லாததால்.

மேல்வரிசையில் இடது பக்கம், கோரைப் பல்லுக்கு அடுத்த பல்லில் ஓட்டை விழுந்தது. டாக்டரையா லீவில் ஊருக்குப் போயிருந்த வாரம் பார்த்து அது வலிக்க ஆரம்பித்தது. மூன்று நாள் கராம்பை வைத்துப் பார்த்தேன். நாலாம் நாள் பஸ் ஏறி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பல் டாக்டர் சிங்களவர், வயசானவர். வாயைத் திறந்ததும் பிடுங்கிவிடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பிடுங்கவில்லை. வேர் நன்றாக இருக்கிறது, இதைப் பிடுங்குவது பாவம், அடைத்துவிடலாம் என்றார். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் எனக்கு அதைச் சொன்னாள். அடைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லவும் தெரியாது. தையல் மிஷினைப் போலக் காலால் மிதிக்கிற ஒரு கருவியை வைத்து அவர் பல்லைக் குடைந்தார். மண்டைக்குள் உட்கார்ந்து யாரோ அம்மி கொத்துவது போல இருந்தது.

நர்ஸ் ஜன்னல் பக்கம் நின்று, ஒரு சின்னக் கல்வத்தில் சாம்பல் நிறப் பொடியைப் போட்டு, குப்பியிலிருந்து எதையோ சொட்டு விட்டு அரைத்தாள். அரைத்ததைத் துணியில் வைத்துப் பிழிந்தாள். துணியிலிருந்து ஒரு மணி உருண்டு தட்டில் விழுந்து ஓடியது. எனக்கு அதைத் தெரியும். பாதரசமா என்று கேட்டேன். வாயில் பஞ்சு இருந்ததால் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

ஆமாம், பொடி வெள்ளி, அது பாதரசம் என்றாள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் கல்லாகிவிடும், இறுகிய பிறகு ரசம் தனியாகப் பிரியாது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இதைத்தான் அடைக்கிறோம், இன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் மெல்லாதே என்றாள். பிறகு கைக்கண்ணாடி ஒன்றைக் காட்டினாள். பல்லில் வெள்ளி பளிச்சென்று மின்னியது. கொஞ்ச நாளில் கறுக்கும், பார்வைக்குத்தான் குறை, பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி முழுக்க நாக்கால் அதைத் தடவிக்கொண்டே வந்தேன். சில்லென்று இருந்தது. என் உடம்பில் அதுவரை யாரும் இவ்வளவு அக்கறையாக ஒரு வேலை செய்ததில்லை.

லயத்தில் யாரிடமும் காட்டவில்லை. சிரிப்பு வந்தால் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்வேன். எனக்குச் சிரிப்பு வருவதே குறைவு என்பதால் அது பெரிய சிரமமாக இல்லை.

முதலில் கண்டுபிடித்தவை பிள்ளைகள்தான். ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. காலையில் தாய் விட்டுவிட்டுப் போனதும் அழ ஆரம்பித்தால் பத்து மணி வரை நிறுத்தாது. ஒரு நாள் அதை மடியில் போட்டு ஏதோ சொல்லிச் சிரித்தேன். கதவு வெளிச்சம் என் வாயில் பட்டிருக்க வேண்டும். அழுகையை நிறுத்திவிட்டு, விரலை நீட்டி அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தது. மறுநாள் அதுவாகவே வந்து என் மேலுதட்டைத் தூக்கியது. அதைப் பார்த்து மற்றதுகளும் வந்தன. பெரியவர்களிடம் மறைத்ததை அந்தப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். பல் கறுத்துச் சாம்பல் நிறமான பிறகும் அந்தக் குழந்தை அதைத் தேடி வருவதை விடவில்லை.

பெரியவர்களில் முதலில் அதைப் பார்த்தவள் அந்தக் குழந்தையின் தாய்தான். பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்தாள். பிள்ளை என் உதட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வாய்த் துடுக்கு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

"என்னா ஆயம்மா, வாயில குண்டானுக்குப் பூசுற மாதிரி ஈயம் பூசியிருக்கீங்க?" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் வழக்கம்போலப் பேசாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கென்று பார்த்து எனக்குப் பதில் உடனே வந்தது. ஈயம் இல்லை, வெள்ளியும் பாதரசமும் சேர்த்து அடைத்தது என்று, நர்ஸ் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பிள்ளைக் காம்பராவில் டாக்டரையாவின் காய்ச்சல் பார்க்கும் குழாய் கீழே விழுந்து உடைந்து, பாதரசம் மணி மணியாகத் தரையில் ஓடியது. அவர் பதறிப்போய்ப் பிள்ளைகளை எல்லாம் வெளியே தூக்கச் சொல்லி, இது விஷம், ஒரு மணிகூட மிஞ்சக் கூடாது என்று தாளை வைத்து அவரே வாரி எடுத்தார். அதைப் பார்த்த தாய்மார்தான் இவர்கள்.

பிள்ளைக்குத் தாய் பால் கொடுத்து முடித்தாள். போகும்போது அதன் விரலைத் தன் சேலையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு லயத்தில் அதுதான் பேச்சு. எங்கள் ஆட்கள் உலோகத்தைப் புரிந்துகொண்டது பித்தளைப் பாத்திரத்தை வைத்துத்தான். பித்தளைக் குண்டானில் உள்பக்கம் ஈயம் பூசாமல் புளி கரைத்து வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறும், சாப்பிட்டவர்கள் வாந்தி எடுப்பார்கள். பூசின ஈயமும் புளி பட்டுப் பட்டு வருஷத்தில் தேய்ந்துவிடும், மறுபடி பூச வேண்டும். அப்படியென்றால் ஆயம்மா புளிக்குழம்பு சாப்பிட்டால் பல்லில் இருக்கிற ரசம் கரைந்து எச்சிலில் இறங்கத்தானே செய்யும்? நான் பிள்ளைகளுக்கு ரொட்டியைக் கடித்து மென்று கொடுப்பேன். பால்மாவு கரைத்தால் சூடு பார்க்க நுனிநாக்கில் வைப்பேன். எல்லா ஆயம்மாக்களும் செய்வதுதான். இப்போது அதெல்லாம் யோசிக்கப்பட்டது.

அவர்கள் அப்படி நினைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் அப்படியே நினைத்தேன் என்பதில்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சொன்னதைக் காதால் கேட்டவள் நான். ஆனால் நானும் பித்தளைக் குண்டானில் சோறு தின்று வளர்ந்தவள். மென்று கொடுப்பதை நிறுத்தினேன். சூடு பார்க்கப் புறங்கையில் விட்டுக்கொண்டேன். பிறகு புளியை விட்டேன். தேசிக்காய், மாங்காய், தக்காளி எல்லாவற்றையும் விட்டேன். வெறும் பருப்பும் தேங்காய்ப் பாலுமாகச் சமைத்துச் சாப்பிட்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாரியம்மன் கோயில் திருவிழாச் சாப்பாட்டில் சாம்பார் வாளி வந்தபோது நான் இலையைக் கையால் மறைத்தேன். எதிர் வரிசையில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அதைவிடப் பெரிய சாட்சி அவர்களுக்கு வேண்டியதில்லை. ஆயம்மாவே பயப்படுகிறாள்.

அந்த மாசம் மழை. இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மழைக்காலத்தில் எப்போதும் வருவதுதான், ஆனால் இந்தத் தரம் காரணம் கையில் இருந்தது. முதலில் இரண்டு பிள்ளைகள் வரவில்லை, லயத்தில் வேலைக்குப் போகாத ஒரு கிழவியிடம் விட்டார்கள். பிறகு நாலு, பிறகு பத்து. தொங்கவிட்ட தொட்டில்களில் பாதி காற்றில் ஆடிக்கொண்டு கிடந்தன.

டாக்டரையா பெரட்டில் வந்து பேசினார். பல்லில் அடைப்பது வேறு, தரையில் சிந்துவது வேறு, வெள்ளியோடு இறுகிவிட்டால் ஒன்றும் செய்யாது, வீணாகப் பயப்படாதீர்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தாய் மட்டும், "அன்னைக்கு வெசமுன்னு புள்ளைங்கள வெளிய தூக்கச் சொன்னதும் நீங்கதானுங்களே" என்று மரியாதையாகக் கேட்டாள். அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பெரட்டு கலைந்துவிட்டது.

அன்றைக்குச் சாயந்தரம் பெரிய கங்காணி வந்து பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றார். திட்டவில்லை. "புள்ளைங்க வரலேன்னா ஆளு எதுக்குன்னு தொரை கேப்பாரு, தங்கச்சி. அடுத்த மாசம் வரைக்கும் பாப்போம். அப்பறம் நீயும் கூடையத்தான் தூக்கணும்" என்றார். அவர் சிரிக்காமல் பேசியதால் தங்கப்பல் தெரியவில்லை.

மலைக்கு ஏறுவதற்கு நான் பயப்படவில்லை. பதினாறு வயதிலிருந்து கொழுந்தெடுத்தவள்தான். ஆனால் மலையில் தேயிலை நிரையில் நிற்பவர்கள் எல்லாம் பெரியவர்கள். அந்தப் பேச்சுக்கு நடுவில் நாள் முழுக்க நின்றுவிட்டு, சாயந்தரம் கடைசிக் காம்பராவுக்குத் திரும்பி வருவதை நினைத்துப் பார்த்தேன். அப்படியானால் எந்த நேரத்திலும் எனக்குப் பேச ஆள் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான், எல்லாரும் நானா என்று கூப்பிடும் ஈயம் பூசுகிறவர் வந்தார். வருஷத்துக்கு ஒரு தரம் ஹட்டனிலிருந்து துருத்தியும் கரியும் எடுத்துக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குக் கீழே மரத்தடியில் குழி தோண்டி உட்கார்ந்தால், பெண்கள் பாத்திரங்களோடு சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். நானும் என் குண்டானை எடுத்துக்கொண்டு போனேன். போயிருக்க வேண்டியதில்லை, என் சமையலில்தான் புளியே இல்லையே.

அந்தத் தாய் என்னைப் பார்த்ததும், "நானா, உங்க வேலைய ஒருத்தர் ஆயம்மா வாயில செஞ்சு வச்சிருக்காரு, பாத்துச் சொல்லுங்க" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. டாக்டரையாவை நம்பாதவர்கள் இவரை நம்புவார்கள் என்று எனக்கும் தோன்றியது. இவர் நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைகள் வந்துவிடும். அதனால் குனிந்து வாயைத் திறந்தேன். வெயிலுக்கு முகத்தைத் திருப்பச் சொன்னார்கள், திருப்பினேன். இருபது முப்பது பேர் என் வாய்க்குள் பார்த்தார்கள்.

அவர் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது ஈயமில்ல புள்ள. வெள்ளி. ரசத்தப் போட்டுக் கட்டியிருக்கான். கைவேலக்காரன் செஞ்ச வேல. எனக்கு வராது" என்றார்.

"அது கெடக்கட்டும் நானா. தேயுமா, தேயாதா? அதச் சொல்லுங்க" என்றாள் அவள்.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுசர். தன் வேலையைப் பற்றியே அவர் யாரிடமும் பத்து வருஷம் நிற்கும் என்று சொன்னதில்லை. என் குண்டானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல வச்சது எதுவும் தேயாம இருக்குமா, புள்ள? எப்பவாச்சும் தேயத்தான் செய்யும்."

அவரவர் பாத்திரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சூடான பாத்திரத்திலிருந்து நவச்சாரப் புகை எழும்பியது. நான் குண்டானை அங்கேயே விட்டுவிட்டு ஏறி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் மூன்று பிள்ளைகள்தான் வந்தன. உதட்டைத் தூக்கிப் பார்க்கும் பிள்ளை அதில் இல்லை.

அடுத்த நாளே நுவரெலியாவுக்குப் போனேன். அதே டாக்டர். நர்ஸ் வேறு ஒருத்தி, தமிழ் தெரியாது. பிடுங்க வேண்டும் என்று கையால் காட்டினேன். அவர் பல்லைத் தட்டிப் பார்த்தார், தண்ணீர் விட்டுப் பார்த்தார். தன் வேலையைத் தானே பார்ப்பது போல ஒரு திருப்தி முகத்தில் தெரிந்தது. நல்ல பல், ஒன்றும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். அந்த அளவு சிங்களம் எனக்குப் புரியும். நடந்ததைச் சொல்லும் அளவு வராது. ஈயம், குண்டான், புளி, பிள்ளைக் காம்பரா, இதையெல்லாம் தமிழிலேயே என்னால் சொல்லியிருக்க முடியாது. வலிக்கிறது என்றேன். ஒவ்வொரு தட்டுக்கும் வலிக்கிறது என்று கண்ணை மூடினேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசியை எடுத்தார்.

வேர் நன்றாக இருந்ததால் அது லேசில் வரவில்லை. வந்தபோது முழுசாக வந்தது, வெள்ளியோடு. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நர்ஸ் ஒரு துண்டுப் பஞ்சுத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் தாய்மார் பெரட்டுக்குப் போகும் நேரத்தில், பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றேன். வாயைத் திறந்து காட்டினேன். ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்தார்கள். வீங்கின ஈறையும் ஓட்டையையும் பார்த்துவிட்டு ஒருத்தி, "இப்பத்தான் ஆயம்மா நம்ம ஆளு" என்று என் முதுகில் தட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முந்தானையை எடுக்காமல். அந்த வாரத்துக்குள் பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கங்காணி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தப் பெண் குழந்தை வந்த அன்றைக்கு நேராக என் மடிக்கு வந்து உதட்டைத் தூக்கியது. விரல் ஓட்டைக்குள் போயிற்று. எடுத்துப் பார்த்தது. வலது பக்க உதட்டைத் தூக்கி அங்கேயும் தேடியது. பிறகு என் முகத்தை, முன்பின் தெரியாத ஒருவர் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, இறங்கிப் போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டது. அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருப்பேன்.

பல் பஞ்சுத் துணியில் அப்படியே இருந்தது. ஒரு நாள் அதை எடுத்து ஒரு சிரட்டையில் போட்டு, கெட்டியாகப் புளி கரைத்து ஊற்றி அடுப்பங்கரையில் மூடி வைத்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. வேலை முடிந்து வந்ததும் தினமும் திறந்து பார்ப்பேன். அந்த நாட்களில் வீட்டுக்கு வர எனக்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் புதுப் புளி மாற்றினேன். ஒரு மாசத்துக்கு மேல் இருக்கும், எடுத்துக் கழுவினேன். பல் பளபளப்புப் போய், சுண்ணாம்புபோல வெளுத்து, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. நடுவில் வெள்ளி அப்படியே இருந்தது. கறுப்புக்கூடப் போய்ப் பளிச்சென்று, கண்ணாடியில் முதல் நாள் பார்த்தது போல இருந்தது.

எனக்கு அதை யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. அந்தத் தாய் பிள்ளையை விட வந்தபோது உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். புளியில் போட்ட கதையைச் சொன்னேன். திக்காமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் வெள்ளியைக் கீறிப் பார்த்தாள். வரவில்லை.

"ஆமா ஆயம்மா, தேயவே இல்லியே" என்றாள். உண்மையான ஆச்சரியம் அவள் முகத்தில் இருந்தது. "அப்பறம் எதுக்கு இதப் போயிப் பிடுங்குனீங்க?"

பதில் வருவதற்குள் மலையில் ஆள் எண்ணும் சத்தம் கேட்டது. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். பல் அவள் வைத்த ஜன்னல் கட்டையிலேயே இருந்தது. பிள்ளைகள் எடுத்து வாயில் போட்டுவிடும் என்று அதை மடியில் முடிந்துகொண்டேன்.

அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வந்து மிச்சப் புளியைக் கரைத்துப் புளிக்குழம்பு வைத்தேன். பத்துப் பன்னிரண்டு மாசத்துக்குப் பிறகு வைத்த குழம்பு. அளவு மறந்துபோய் இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன். சோற்றைப் போட்டு உட்கார்ந்தேன். இடது பக்கம் மென்றால் பருக்கை ஓட்டையில் போய்ச் சிக்கிக்கொண்டது. வலது பக்கமாக மென்று சாப்பிட்டேன்.